கறை பட்ட கல்யாண வேட்டி

மாமியார் மெச்சிய மருமகள் இல்லை, மருமகள் மெச்சிய மாமியாரும் இல்லை என்பார்கள். நான் மெச்சுகிறேன். இருபத்தோரு வருஷம் ஒரே அடுப்படியில் சண்டை போட்டுவிட்டு மெச்சுவதால், இதில் முகஸ்துதி இருக்குமோ என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். என் மாமியார் ருக்மணியம்மாளுக்கு வாய் நீளம், மூக்கு அதைவிட நீளம். குழம்பில் ஒரு சிட்டிகை பெருங்காயம் கூடிப்போனால் வாசலிலிருந்தே குரல் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்த மூக்கு மட்டும் இல்லாவிட்டால் என் மாமனார் கருணாகரன் மாமா ஜப்பான்காரன் காலத்தில், நாற்பத்து மூன்றாம் வருஷமே போய்ச் சேர்ந்திருப்பார். நாற்பத்தைந்தில் என் வீட்டுக்காரர் பிறந்திருக்கவே மாட்டார். பெருங்காயத்தைக் குறைத்துக்கொள்வது எனக்கு எவ்வளவோ மேல்.

அப்போது அத்தைக்கு இருபத்தாறு வயது. மலாய் நாட்டில், காஜா பெராங் சாலையோரம் ஒரு பலகை வீடு. மாமா பஸ் ஓட்டினார். தவுக்கே என்று நாங்கள் சொல்லும் சீன முதலாளி ஒருவருடைய சின்ன பஸ் அது, ஏழு பேர் உட்காரலாம், பதினைந்து பேர் ஏறுவார்கள். ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையார் கோயில் பக்கம் கிளம்பி, காஜா பெராங் வழியாக, மேடேறி புக்கிட் பாரு வரை போகும். ஜப்பான்காரன் வந்த பிறகு சம்பளம் என்று கொடுத்த, வாழைமரம் அச்சடித்த நோட்டை வைத்துக்கொண்டு வாழைப்பழம்கூட வாங்க முடியவில்லை. அதனால் அத்தை ஆஸ்பத்திரி நர்ஸ்மாரின் வெள்ளைத் துணிகளை வாங்கிவந்து துவைத்தார். கூலியாக மரவள்ளிக்கிழங்கு கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு டின் அரிசி. சோப்பு கிடையாது. சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து, அடித்து, அலசி, சாலையோரக் கொடியில் காயப்போடுவார். வெயில் அங்கேதான் நன்றாக விழும்.

கஷ்டம் எல்லார் வீட்டிலும் இருந்தது. பயம் வேறு விஷயத்தில் இருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கையில் வேலை இருக்கிறது என்று முத்திரை குத்திய காகிதம் இல்லாத ஆம்பளை தெருவில் நடக்க முடியாது. அடுத்த வீட்டு மருதமுத்து கடைக்கு வெற்றிலை வாங்கப் போனார். வெற்றிலையும் வரவில்லை, அவரும் வரவில்லை. மாமாவின் சட்டைப் பையில் பஸ் டிரைவர் என்று ஒரு காகிதம் இருந்தது. பஸ் ஓடும் வரை அது காகிதம். பஸ் நின்றால் அதுவும் வாழைமரத்து நோட்டுதான்.

பஸ் ஓட பெட்ரோல் வேண்டுமே. நல்ல பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. மற்றவர்களுக்குக் கிடைத்தது ரப்பர் பெட்ரோல். ஜாலான் துக்காங் எமாஸில் பருப்புக் கடை வைத்திருந்த சிஹாபுதீன் பாய், பருப்பு வரத்து நின்ற பிறகு, குருபோங் பக்கம் ஒரு கொட்டகை போட்டு ரப்பரைக் காய்ச்ச ஆரம்பித்திருந்தார். இரும்புப் பீப்பாயில் ரப்பர் ஷீட்டைப் போட்டு மூடி, அடியில் தீ மூட்டுவார்கள். மூடியிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, தண்ணீர்த் தொட்டிக்குள் வளைந்து போகும். உள்ளே எழும் ஆவி அந்தக் குழாயில் குளிர்ந்து, மறுமுனையில் எண்ணெயாகச் சொட்டும். இதுதான் பெட்ரோல். ஊரில் இருந்த நாலைந்து பஸ்ஸும் இரண்டு லாரியும் பாய் காய்ச்சியதைக் குடித்துத்தான் ஓடின.

ஓடின என்று சொல்லக் கூடாது, இருமிக்கொண்டே நகர்ந்தன. பின்னால் கரும்புகை. அதுவும் சும்மா புகை இல்லை, பிசுபிசுவென்று எண்ணெய் கலந்த கரி. மாமாவின் பஸ் தன் வீட்டைத் தாண்டும் போதெல்லாம், கொடியில் காயும் நர்ஸ்மார் துணியில் மிளகு தூவினாற்போல் பொட்டுப் பொட்டாக விழும். தட்டினால் போகாது, தேய்த்தால் பரவும். மறுபடி சாம்பல் தண்ணீர், மறுபடி கல்.

"ஊர்ல எல்லா பொம்பளைக்கும் புருஷன் சம்பாதிச்சுக் குடுக்கிறான். எனக்கு வாய்ச்சவரு அழுக்கைக் கொண்டாந்து குடுக்கிறாரு!" என்று அத்தை தெருவுக்கே கேட்கும்படி சொல்வாராம்.

"நான் என்னா செய்றது ருக்கு? வண்டி குடிக்கிறதைத்தானே கக்கும்" என்பார் மாமா.

மாமா நல்லவர். சண்டை என்றால் ஆகாது. திட்டு வாங்கினால் பதில் பேச மாட்டார், போய் யோசிப்பார். அவர் யோசித்தால்தான் ஆபத்து. இதை நான் என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அவர் ஒருமுறை யோசித்துச் சரிசெய்து, ஒரு வாரம் பக்கத்து வீட்டில் குளித்தோம்.

அந்தத் தடவை அவர் யோசித்தது கோயிலில் நின்றுகொண்டு. தினமும் பஸ்ஸைக் கிளப்பும் முன் பிள்ளையாரைக் கும்பிடுவது அவர் வழக்கம். ஒருநாள் தீபாராதனைத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். சூடம் எரிந்தது, அணைந்தது. தட்டில் ஒன்றும் இல்லை. சாம்பல் இல்லை, பிசுக்கு இல்லை, துடைத்துவிட்டது போல இருந்தது. உலகத்திலேயே மிச்சம் மீதி வைக்காமல் எரியும் பொருள் இதுதானே, இதைக் கொஞ்சம் பெட்ரோலில் கரைத்துவிட்டால் அதுவும் சுத்தமாக எரியாதா என்று தோன்றியிருக்கிறது. தோன்றியதோடு விட்டாரா? வீட்டுச் சாமி மாடத்திலிருந்து ஒரு பிடி சூடம் எடுத்துக்கொண்டு போய், நுணுக்கி டாங்கியில் போட்டுவிட்டார். அத்தையிடம் மூச்சு விடவில்லை. துணியில் கறை விழாமல் ஆனதும் சொல்லி அவரை அசத்தலாம் என்று இருந்தாராம். பாவம், மனுஷனுக்கு ஆசைதான்.

பஸ் கோயில் மாதிரி மணக்க ஆரம்பித்தது. ஏறுகிற ஜனங்கள், "என்னா டிரைவரே, உள்ளே யாருக்குப் பூசை?" என்று கேட்டார்கள். பின்னால் சைக்கிளில் வந்த ஒருவர், புகை முகத்தில் அடித்ததும் தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். புகை மட்டும் குறையவில்லை. கூடியது. மாமா, சூடம் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு பிடி போட்டார். அடுத்த நாள் புக்கிட் பாரு மேட்டில், பாதி ஏற்றத்தில், பஸ் இரண்டு முக்கல் முக்கிவிட்டு நின்றது. ஜனங்கள் இறங்கித் தள்ளினார்கள். அந்தப் பக்கமாகக் காரில் வந்தவர் பெர்மிட் ஆபீஸ் ஜப்பான் அதிகாரி.

அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. அதனால்தான் மாமாவுக்குக் கூடுதல் பயம். பஸ்ஸைச் சுற்றிவந்தார். புகைக்குழாய்க்குள் கைக்குட்டை சுற்றிய விரலை விட்டுப் பார்த்தார். கைக்குட்டை கறுப்பு. கூட வந்தவர் அவர் சொன்னதை மலாயில் சொன்னார்: வெள்ளிக்கிழமை காலை நானே ஏறி உட்காருவேன், மேட்டில் நின்றால் பஸ்ஸைப் பிரித்து உதிரிப் பாகங்களுக்கு எடுத்துக்கொள்வோம், டிரைவருக்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறது. எந்த இடம் என்று மாமா கேட்கவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை.

வீட்டில் அத்தை விளக்கேற்றிவிட்டுச் சூடம் தேடிக்கொண்டிருந்தார். டப்பா காலி. காலையிலிருந்தே துணிக் கறையில் ஒரு புது வாசனை மூக்கை உறுத்திக்கொண்டிருந்தது. மாமா உள்ளே நுழைந்ததும் சட்டையிலிருந்து அதே வாசனை வந்தது. பையில் கைவிட்டால் புதுச் சூடப் பொட்டலம்.

"சாமிக்கு வச்ச சூடம் எங்க?"

"வண்டிக்குப் போட்டேன்."

"வண்டி என்னா வரமா குடுக்கப் போவுது?"

மாமா எல்லாவற்றையும் சொன்னார். மேடு, அதிகாரி, வெள்ளிக்கிழமை. கடைசியில், "சாம்பலே இல்லாம எரியுதே ருக்கு, தட்டைப் பாத்திருக்கியா?" என்றார்.

அத்தை அந்தப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு வில்லை சூடத்தைக் கொளுத்தி வைத்தார். பளபளவென்று தேய்த்து வைத்திருந்த பித்தளைச் செம்பை எடுத்து அந்தச் சுடருக்கு மேலே பிடித்தார். பத்து எண்ணுவதற்குள் செம்பின் அடி அட்டக்கரியாகிவிட்டது.

"தட்டைப் பாத்தீங்க. கோயில் கூரையை அண்ணாந்து பாத்தீங்களா? கீழ விடாத மிச்சத்தையெல்லாம் மேல விடுது. ஐயர் வேட்டியைக் கேட்டா அதுவே சொல்லும்."

சொல்லிவிட்டு, செம்பின் கரியை விரலில் தொட்டு மாமாவின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தார், குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பதுபோல. மாமா சிரிக்கப் பார்த்தார். முடியாமல் அழுதுவிட்டார். "வெள்ளிக்கிழமை நின்னுடுச்சுன்னா நான் போயிடுவேன் ருக்கு" என்றார். இந்த இடத்தை அத்தை எனக்குச் சொன்னதே இல்லை. மாமாதான் சொன்னார், வெட்கப்படாமல்.

மறுநாள் தவுக்கேயிடம் பஸ் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு மாமா கார்புரேட்டரைக் கழற்றினார். பெட்ரோல் பீறிட வேண்டிய ஊசித்துளை வாயில் வெள்ளையாகப் பொடி கட்டியிருந்தது. மோந்து பார்த்தால் சூடம். மேட்டில் ஏன் நின்றது என்பதற்கு விடை கிடைத்தது. ஆனால் சூடம் போடும் முன்பே புகை இருந்ததே? கறை விழுந்ததே? அத்தை விடவில்லை.

"பாய் கொட்டகைக்கு என்னை இட்டுக்கிட்டுப் போங்க. எப்படிக் காய்ச்சுறாருன்னு நான் பாக்கணும்."

"உனக்கு என்னா தெரியும்?"

"எனக்குக் கறை தெரியும்."

கறையைப் பார்க்க வெள்ளைத் துணி வேண்டும். நர்ஸ்மார் துணியைத் தொட முடியாது. வீட்டில் இருந்ததெல்லாம் சாக்கு நிறத்துக்கு வந்துவிட்ட கந்தல். துணி என்பதே கடையில் பார்க்காத காலம். டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒன்றே ஒன்று இருந்தது, மாமா தாலி கட்டியபோது உடுத்தியிருந்த எட்டு முழ மல் வேட்டி. அத்தை அதை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மாமா சைக்கிள் மிதிக்க, அத்தை பின்னால் உட்கார, குருபோங் போய்ச் சேர்ந்தபோது பாய் அப்போதுதான் தீ மூட்டியிருந்தார். அத்தை குழாயின் வாயருகே குந்திவிட்டார். முதலில் சொட்டியது தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. ஒரு சொட்டை வேட்டியில் ஏந்தி, நிழலில் விரித்தார். நேரம் போகப் போக மஞ்சளாக வந்தது. அதில் ஒரு சொட்டு. பீப்பாய் நன்றாகக் காய்ந்த பிறகு பழுப்பாக, கெட்டியாக இறங்கியது. அதிலும் ஒன்று. மூன்றும் உலரும் வரை காத்திருந்தார். முதல் சொட்டு விழுந்த இடமே தெரியவில்லை. இரண்டாவது மெல்லிய மஞ்சள் வட்டம் விட்டிருந்தது. மூன்றாவதைத் தொட்டால் விரலில் ஒட்டியது.

"இதுதான் என் துணியில விழுவுது" என்று மூன்றாவதைக் காட்டினார். "எரியாம அப்படியே வெளிய வந்து உக்காருது. முதல்ல வர்றதை மட்டும் இவருக்குக் குடுங்க பாய்."

பாய் மூன்றையும் ஒரே அண்டாவில் ஊற்றி, அகப்பையால் நன்றாகக் கலக்கித்தான் டின்னில் அடைத்துக்கொண்டிருந்தார். கலப்படம் செய்ய அல்ல. அவர் ஐந்து வேளையும் தொழுகிறவர், ஒருவருக்கு நல்லதும் ஒருவருக்குக் கெட்டதும் போய்விடக் கூடாது என்பதற்காகவே கலக்கினார்.

"தலையை ஒருத்தருக்கும் வாலை ஒருத்தருக்கும் குடுத்தா, நாளைக்கு மறுமையில நான் என்னா பதில் சொல்வேன் தங்கச்சி? எல்லாருக்கும் சமமா இருக்கட்டும்னுதான்."

"பந்தியில எல்லாருக்கும் சமமாத்தான் பரிமாறணும் பாய். அதுக்காக ரசத்தையும் பாயசத்தையும் ஒண்ணாக் கலக்கியா ஊத்துவாங்க?"

பாய் அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். அத்தை அதோடு விட்டாரா என்றால் இல்லை. முதலில் வருவது பஸ்ஸுக்கும் லாரிக்கும், எல்லாருக்கும் அதையே சமமாகக் கொடுங்கள். மஞ்சளாக வருவதை மறுபடி பீப்பாயில் ஊற்றிக் காய்ச்சுங்கள், அதிலும் கொஞ்சம் தலை கிடைக்கும். பழுப்பு மாட்டுவண்டி அச்சுக்குப் போகட்டும், அச்சு கேட்பது அந்தப் பிசுக்கைத்தான். அப்புறம், அந்த மூலையில் பழைய டயர் குவித்து வைத்திருக்கிறீர்களே, அதைக் காய்ச்சினால் வருவது அழுகின முட்டை நாற்றம், அது என் பக்கமே வரக் கூடாது. பாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "சரி தங்கச்சி. ஆனா எது தலை, எது உடம்புன்னு இனிமே நீதான் பாத்துச் சொல்லணும். என் கண்ணுக்கு எல்லாம் எண்ணெயாத்தான் தெரியுது."

வெள்ளிக்கிழமை காலை அதிகாரி சொன்னபடி வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தார். டாங்கியில் பாய் காய்ச்சியதில் முதலில் வந்த தலை மட்டும் இருந்தது. கழுவித் துடைத்த கார்புரேட்டர். மாமா அன்று பிள்ளையாரைக் கும்பிட்டபோது தட்டைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தாராம்.

காஜா பெராங்கில் அத்தை துவைத்த துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு நின்றார். பஸ் வந்தது. அதிகாரியின் தொப்பி தெரிந்தது. மாமா திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் தாண்டிப் போனதும் அத்தை ஓடிப்போய்த் துணியைத் தடவிப் பார்த்தார். வெள்ளை. ஆனால் மேடு அங்கிருந்து தெரியாது. புக்கிட் பாரு போய்த் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்தில், காய்ந்த துணிகளை எடுத்து மறுபடி நனைத்து மறுபடி காயப்போட்டதாக அத்தை சொல்வார். ஏன் என்று கேட்டால், "கை சும்மா இருந்தா மனசு சயாமுக்குப் போயிடுதே" என்பார்.

முதலில் ஹாரன்தான் கேட்டது. காஜா பெராங் வளைவில், தேவையே இல்லாமல், நீளமாக இரண்டு முறை. பின்னால் மெல்லிய நீலப் புகை இருந்ததோ இல்லையோ என்று போய்க்கொண்டிருந்தது. அதிகாரி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை துவைகல்லில் உட்கார்ந்து, நர்ஸ் சட்டை ஒன்றை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அந்தச் சட்டையைத் திரும்பத் துவைக்க வேண்டியதாயிற்று.

மாமாவின் காகிதத்தில் புது முத்திரை விழுந்தது. அதற்குப் பிறகு ஜப்பான்காரன் போகும் வரை, பாயின் கொட்டகையிலிருந்து வரும் எந்த டின்னும், ஒரு சொட்டு கல்யாண வேட்டியில் விழாமல் டாங்கிக்குப் போகவில்லை. வட்டம் விழுந்தால் டின் திரும்பிவிடும். பாய் சில நாள் சலித்துக்கொள்வார், அப்புறம் மறுபடி காய்ச்சுவார். மற்ற பஸ்காரர்களும் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். அவர்களில் ஒருவரும் சயாமுக்குப் போகவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் எனக்குத் தெரியாது. மாமா போகவில்லை. மருதமுத்து திரும்பி வரவில்லை.

சமாதானம் வந்து நல்ல பெட்ரோல் வந்த பிறகும் அத்தையின் மூக்கு ஓயவில்லை. என் வீட்டுக்காரர் முதல் கார் வாங்கியபோது, நான் தேங்காய் உடைத்துக்கொண்டிருக்க, அத்தை புகைக்குழாய்க்கு எதிரே வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். எனக்கு மானம் போயிற்று. "பரவால்ல, ஆனா பாய் குடுத்த தலை மாதிரி இல்ல" என்று தீர்ப்பு வேறு.

எழுபத்தெட்டாம் வருஷம் மாமா தவறிப்போனார். குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தி, புது வேட்டி உடுத்தப் போகிற நேரம். அத்தை எழுந்து உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கையில் அந்த வேட்டி. அந்து அரிக்காமல் சூடம் போட்டு வைத்திருந்தார். சூடத்துக்கு அந்த வேலைதான் சரி என்று என்னிடம் முன்பே சொல்லியிருக்கிறார். விரித்தபோது, மஞ்சளும் பழுப்புமாக வட்டம் வட்டமாக அத்தனை கறை. கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மாமாவின் தம்பி கலியாணசுந்தரம் மெதுவாகச் சொன்னார்:

"அண்ணி, நாலு பேர் பாக்குறாங்க. கறை வேட்டியிலயா அண்ணனை அனுப்புறது?"

அத்தை அழவில்லை. வேட்டியை மாமாவின் இடுப்பில் தானே வைத்தார். தொழில்காரக் கையால் சுருக்கம் நீவினார்.

"ஒவ்வொரு கறையும் நான் வேணாம்னு திருப்பி அனுப்பின டின்னு தம்பி. நல்ல டின்னு ஒண்ணும் இதுல அடையாளம் வைக்கல. அந்த நல்ல டின்னு ஊத்தின நாளெல்லாம் இவரு வண்டியை ஓட்டி முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து சேந்தாரு."

நான் கிட்டே போய் அந்த வேட்டியைப் பார்த்தேன். கறை இல்லாத இடங்களைத்தான் பார்த்தேன். அதுதான் அதிகமாக இருந்தது.